குருசு மாட்டிய கம்ப்யூட்டர்

சுவிட்சைப் போட்டதும் கம்பெனி முத்திரை மட்டும் வந்து, ஒரு பீப் சத்தமோ எச்சரிக்கையோ இல்லாமல் கம்ப்யூட்டர் அப்படியே உறைந்து நிற்கும்போதெல்லாம், வடசேரியில் நான் பில் போட்டுக்கொண்டிருந்த ரிப்பேர் கடையின் முதலாளி ஞாபகத்துக்கு வருகிறார். வயிறு எரிகிறது. செத்தவர்களைப் பற்றித்தான் கெட்டது பேசக்கூடாது. அந்த மனுஷன் நன்றாகவே இருக்கிறார், அதனால் பேசலாம்.

இப்படி நிற்கிற மிஷினில், வெளியே செருகியிருப்பதையெல்லாம் முதலில் பிடுங்கிவிட்டுப் பார்க்க வேண்டும். பில் போடுகிற எனக்கே தெரிந்த சங்கதி அவருக்குத் தெரியாதா? பொறுமைதான் கிடையாது. “நோயைத் தேடினா ஒரு நாளு போவும், தொடச்சுப் போட்டா அர மணிக்கூரு” என்பார். துடைப்பது என்றால் உள்ளே இருப்பதை மொத்தமாக அழிப்பது.

இனயம் என்கிற கடற்கரை ஊரிலிருந்து ஒரு அம்மா, இப்படி நின்றுபோன சிபியூவைப் பழஞ்சேலையில் சுற்றி, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாள். கடலுக்குப் போன மகன் திரும்பவில்லை, உடலும் கிடைக்கவில்லை. “இதுக்குள்ள அவன் பேசுதான் மோளே. வேற எங்கயும் இல்ல” என்றாள். எதையும் அழிக்கக் கூடாது என்று பெரிதாக எழுதி மேலே ஒட்டினேன், முதலாளியிடம் வாயாலும் சொன்னேன்.

நான் சாப்பிட்டு வருவதற்குள் அவர் டிஸ்கைக் கழற்றி, வேறு மிஷினில் மாட்டித் துடைத்து, புதிதாக விண்டோஸ் ஏற்றிவிட்டார். திரும்ப மாட்டினால் அதே இடத்தில் நிற்கிறது. அப்புறம்தான் பின்பக்கம் பார்த்தார். குருசு, அதான் சிலுவை, அந்த வடிவத்தில் ஒரு பென் டிரைவ், திருவிழாவில் ஜெபமாலைப் பாட்டுப் பதிந்து விற்பது. மகன் குரலுக்குக் காவலாக அந்த அம்மாவே செருகி வைத்தது. அதைப் பிடுங்கினார், மிஷின் ஓடியது. துடைத்தது வெறும் வீண்.

சாயங்காலம் அவள் வந்தபோது அந்தக் குருசைத்தான் தூக்கிக் காட்டினார். “இத குத்தினதுதான் வினை. உள்ள கெடந்ததெல்லாம் போச்சு.”

“நான் குத்தாம இருந்தா அவன் இருந்திருப்பானா?”

“இருந்திருப்பான்” என்றார், சாயாவை ஊதிக்கொண்டே.

பாவி. நான் கடையை விட்டு இறங்கி பஸ் ஸ்டாண்டு வரை அவள் பின்னால் ஓடினேன். “அம்மா, குருசால ஒண்ணும் ஆவல்ல. அவருதான் அழிச்சாரு, சத்தியமா” என்றேன்.

அவள் என் கன்னத்தைத் தடவினாள். “நல்ல பிள்ள. எனக்க மனசு ஆறட்டும்னு பொய் சொல்லுத” என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினாள்.