மாற்றிக் கட்டிய கால்

போன மாதம் வரை என் பீரோவில் ஒரு பழுப்புநிறக் கட்டுத்துணி இருந்தது. மருந்துக்கடையில் கிரேப் பேண்டேஜ் என்று கேட்டால் தருவார்களே, அதுதான். துவைத்துத் துவைத்து இழுவை போய்விட்டது. நுனியில் மாட்டும் கிளிப் இரண்டில் ஒன்று தொலைந்து, அந்த இடத்தில் ஊக்கு குத்தியிருந்தேன். சேலை எடுக்கும்போதெல்லாம் அது கையில் படும். பட்டதும் மற்ற துணிகளுக்கு அடியில் தள்ளிவிடுவேன். நான் சொன்ன ஒரு பொய் அதில் சுற்றியிருந்தது.

என் தங்கை கால்பந்தில் ஃபார்வர்டு, முன்வரிசை ஆட்டக்காரி. திருவாதவூரில் அடுத்தவர் வயலில் வேலை பார்த்து எங்களைப் படிக்கவைத்த அப்பாவுக்கு, பந்தை உதைத்துப் பிழைக்கலாம் என்பது கடைசிவரை விளங்கவில்லை. அவள் பிளஸ் டூ முடித்த வருடம் அவர் ஒரு கெடு வைத்தார். வெளிமாநில கிளப் ஒன்று மதுரைக்கு ஆள் எடுக்க வருகிறது. எடுத்தால் போகலாம், எடுக்காவிட்டால் நர்சிங். விண்ணப்பத்தைக்கூட வாங்கி டிவி மேல் வைத்துவிட்டார். வீட்டில் யார் டிவி பார்த்தாலும் அவள் மட்டும் அந்தப் பக்கம் திரும்பமாட்டாள்.

கிளப் தேர்வுக்கு மூன்று வாரம் முன்பு, நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் பயிற்சி ஆட்டத்தில், எகிறி இறங்கும்போது வலது முழங்கால் பிசகிவிட்டது. வீங்கிப் போனது. சைக்கிளிலிருந்து விழுந்ததாக வீட்டில் சொன்னோம். உண்மை எனக்கு மட்டும்தான் தெரியும். அவள் பந்தைத் திருப்பி அடிப்பதே அந்தக் காலை ஊன்றித்தான். அதை நினைத்தாலே எனக்குச் சோறு இறங்காது.

தேர்வு அன்று காலை, மைதானத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் கட்டுப் போட உட்கார்ந்தேன். வலது காலைத் தொட்டதும் உள்ளே இழுத்துக்கொண்டாள். "இடதுல கட்டுக்கா. கட்டு எந்தக் கால்ல இருக்கோ, அதுலதான் வந்து மோதுவாளுக" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் மூளையை நினைத்துப் பெருமையாகவும் இருந்தது. நல்ல காலில் இறுக்கமாகக் கட்டிவிட்டேன்.

அவள் சொன்னபடியேதான் நடந்தது. எதிரணியின் உயரமான பெண் ஒருத்தி இடது காலையே குறிவைத்து வந்தாள். இவள் வலது காலை ஊன்றித் திரும்பும் ஒவ்வொரு தடவையும் நான் கண்ணை மூடிக்கொண்டேன். இரண்டு கோல் அடித்தாள். ஆட்டம் முடிந்ததும் கிளப்பின் டாக்டர் எங்களிடம் வந்து எந்தக் காலில் அடி என்று கேட்டார். தங்கை வாயில் வைத்த தண்ணீர் பாட்டிலை எடுக்கவே இல்லை. நான்தான் சொன்னேன்: "இடது கால் சார். பழைய அடி. இப்ப ஒண்ணுமில்ல." அவர் அந்த நல்ல காலை மடக்கினார், நீட்டினார், அமுக்கினார். ஒன்றும் இல்லை என்று எழுதிக்கொண்டு போனார். நர்சிங் விண்ணப்பத்தை அப்பா அடுப்பில் போட்டார்.

அதற்குப் பிறகு மூன்று சீசன். செல்போனில் ஒரு ஆட்டம் விடாமல் பார்த்தேன். ஆட்டம் முடிந்ததும் பிசியோ ஓடிவந்து அவள் இடது முழங்காலில் ஐஸ் வைப்பார். ஃபைலில் இடது கால் என்றுதானே இருக்கிறது! வலிக்கிற கால் பாட்டுக்கு வலித்துக்கொண்டிருக்க, வலிக்காத காலுக்கு மூன்று வருடம் வைத்தியம் நடந்தது. இவளும் வாயைத் திறக்கவில்லை. நானும் திறக்கச் சொல்லவில்லை.

போன வருடம் ஒருநாள், பந்தோடு தனியாக ஓடிக்கொண்டிருந்தவள் அப்படியே விழுந்தாள். பக்கத்தில் ஒருத்தரும் இல்லை. வலது முழங்காலைப் பிடித்துக்கொண்டு புரண்டாள். அறுவை செய்த டாக்டர், இந்த ஜவ்வில் பழைய கிழிசல் ஒன்று இருந்திருக்கிறதே, எப்போது பட்டது என்று கேட்டார். ஞாபகமில்லை என்றாள். கட்டிலோரம் நின்ற நான் ஜன்னலைப் பார்த்தேன். மருந்துப் பையோடு அந்தக் கட்டுத்துணியும் வீட்டுக்கு வந்தது. ராசியான துணி என்று மூன்று வருடமும் கூடவே வைத்திருந்தாளாம். பழைய கிளப் அவளை விட்டுவிட்டது.

போன மாதம் வேறொரு கிளப் மதுரைக்கு வந்தது. அதே மைதானம், அதே தண்ணீர்த் தொட்டி. கட்டுத்துணியை நான்தான் எடுத்துப் போனேன். இந்தத் தடவை பெண் டாக்டர். தழும்பைப் பார்த்துவிட்டு, ஃபைலைப் புரட்டி, "இதுக்கு முன்னாடி இந்தக் கால்ல அடி பட்டிருக்கா?" என்று கேட்டார். பட்டதில்லை என்றால் புதுக் காயம், ஆறிவிட்டது, எடுத்துக்கொள்வார்கள். பட்டது என்றால் ஓட்டைக் காலை எந்தக் கிளப் எடுக்கும்? தங்கை பாட்டிலைத் தூக்கினாள். பிறகு குடிக்காமலே கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"பட்டிருக்கு மேடம். நாலு வருசம் முன்னாடி. மறைக்கிறதுக்குக் கால மாத்திக் கட்டிவிட்டது நான்தான்" என்றேன்.

டாக்டர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். திட்டவில்லை. வலது முழங்காலை நிதானமாக, நெடுநேரம் அமுக்கிப் பார்த்தார். இருபது நிமிடம் ஆடட்டும், பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றார். இன்னும் பதில் வரவில்லை. அந்தத் துணியை இப்போது அவளே வைத்திருக்கிறாள்.

அன்று ஆட இறங்கும் முன், எல்லோரும் பார்க்க வலது காலை நீட்டினாள். நான் சுற்றினேன். கோணல்மாணலாக வந்தது. அவிழ்த்து மறுபடி சுற்றினேன், அப்போதும் சரியாக வரவில்லை. "என்னக்கா, கட்டத் தெரியாதா?" என்றாள். அந்தக் காலில் நான் கட்டுவது அதுதான் முதல் தடவை.