பெயிண்டர் முகத்துச் சிவப்பு

இருபத்தெட்டு வருஷமாகச் சுவரோடு மல்லுக்கட்டும் பெயிண்டருக்கு, முகத்தில் எது தெரிந்தாலும் அது பெயிண்டுதான். மூன்று வாரமாகக் காலைச் சாப்பாடு முடிந்த கொஞ்ச நேரத்தில் முகமும் கழுத்தும் செக்கச்செவேலென்று எரிந்தபோது, பள்ளிக்கூடக் கதவுகளுக்கு அடித்துவரும் சிவப்பு போகவில்லை என்று மண்ணெண்ணெய்த் துணியால் தேய்த்தார். எரிச்சல் இரண்டு மடங்கானது. கூடவே வந்த தொடைவலிக்குப் பழி ஏணி மேல் விழுந்தது. அகலப் படி வைத்த ஏணியை இரவல் வாங்கினார்.

"பெயிண்டா இருந்தா தினமும் அதே நேரத்துக்கா வந்து ஒட்டும்?" என்று மனைவி டாக்டரிடம் இழுத்துப் போனாள். தான் முன்பே எழுதிக் கொடுத்த கொழுப்பு மாத்திரையோடு வேறென்ன சாப்பிடுகிறார் என்று டாக்டர் கேட்டார்.

"ஒண்ணுமில்லைங்க. காலைல சாப்பிட்டதும் மச்சினன் குடுத்த வைட்டமின் மட்டும். அதெல்லாம் ஒரு மருந்தா?"

டாக்டர் டப்பாவைத் திருப்பிப் பார்த்தார். "இது நியாசின். முகம் சிவக்கிறது இதாலதான். கொழுப்பு மாத்திரையோட சேர்ந்தா தசைவலியும் வரலாம். இதை நிறுத்துங்க, அதை விடாதீங்க. ரத்தமும் பார்த்துடுவோம்."

"ஆயில் பெயிண்ட்ல தண்ணி பெயிண்டை ஊத்தின கதையாப் போச்சே!" பெயிண்டர் தலையில் அடித்துக்கொண்டார். அந்தத் தப்புக்கு எத்தனை பேரை வைதிருக்கிறார்!

ரத்தத்தில் கோளாறில்லை. பத்து நாளில் வலியும் விட்டது. இரவல் ஏணியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பழைய ஏணியில் விசிலடித்துக்கொண்டே ஏறினார்.

அன்று சாயங்காலம் மச்சினன் வந்தான். "என்ன மாமா, போன மாசம் முகம் தகதகன்னு இருந்துச்சு. இப்ப அந்தக் களை எங்க போச்சு?"

அவர் வாய் திறப்பதற்குள் அவன் அக்காள் முந்திக்கொண்டாள். "மண்ணெண்ணெய் போட்டுத் துடைச்சிட்டாருடா!"