இலஞ்சியில் இறங்கியவர்

தென்காசிக்காரர்கள் சீசன் நேரத்தில் குற்றாலத்துக்குப் போகமாட்டார்கள். வெளியூர்க் கூட்டம் வடியட்டும் என்று இருப்பார்கள். வீட்டுக்கு விருந்தாளி வந்தால் துணைக்குப் போவார்கள், அவ்வளவுதான். அதனால் அறுபத்திரண்டாம் வருஷம் ஆனி மாசக் கடைசியில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம், குத்தாலிங்கம் கடையிலிருந்து வந்த கையோடு, நாளைக்கு மூன்று பேருமாக ரயில், பஸ் என்று ஏறி நம்ம ஊரையே ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு வருவோம் என்று சொன்னபோது, ஆவுடையம்மாள் அரிசி களைந்த கையை நிறுத்திவிட்டு அவர் முகத்தைப் பார்த்தாள். விருந்தாளி யார் என்பதுதான் அவளுக்கு முதலில் தோன்றிய கேள்வி. அதை அவள் கேட்கவில்லை. கேட்டால் உஷாராகிவிடுவார்.

ஆவுடையம்மாள் ஆஸ்பத்திரியில் ஆயாவாகச் சேர்ந்து, பிறகு பிரசவம் பார்க்கப் பயிற்சி எடுத்துக்கொண்டவள். தெருவில் எல்லோருக்கும் நர்சம்மா. நோயாளி சொல்வதைக் காதில் வாங்கிக்கொள்வாள், ஆனால் அவன் எப்படிப் படுத்திருக்கிறான், எந்தப் பக்கம் புரளுகிறான் என்பதைத்தான் நம்புவாள். வீட்டிலும் அப்படியே. குத்தாலிங்கம் ஜவுளிக்கடையில் துணி அளந்து கொடுப்பவர். சாதுவான மனுஷன். எதையாவது மறைக்கிற அன்றைக்கு மட்டும் வீட்டில் தண்ணீர்க் குடத்தைத் தானாகவே தூக்கி வைப்பார். அன்றைக்கு இரண்டு குடத்தைத் தூக்கி வைத்தார்.

அவர்களுக்கு ஒரே மகள், தங்கபுஷ்பம். பள்ளிக்கூடப் படிப்பு முடித்து, பாளையங்கோட்டையில் நர்ஸ் படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. ஆடி பிறந்ததும் போய்ச் சேர வேண்டும். குத்தாலிங்கம் போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரி வேலைக்கு அனுப்பின பெண்ணுக்கு மாப்பிள்ளை தேடி அலைய வேண்டியதுதான் என்று கடையில் நாலு பேர் ஓதிக்கொண்டே இருந்தார்கள் என்பது ஆவுடையம்மாளுக்குத் தெரியும். அதற்குள் பெண்ணை யாருக்காவது பேசி முடித்துவிட்டால் படிப்பு அத்தோடு போச்சு. ஆடி வந்துவிட்டால் சம்பந்தப் பேச்சு எடுக்கமாட்டார்கள். ஆகவே ஏதாவது நடப்பதாக இருந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமைதான் நடக்க வேண்டும்.

காலையில் குத்தாலிங்கம் மகளைக் கூப்பிட்டு, கடையில் புதிதாக எடுத்துவந்த அரக்குச் சேலையைக் கட்டிக்கொள்ளச் சொன்னார். அருவியில் குளிக்கப் போகிறவளுக்குப் புதுச்சேலை எதற்கு என்று ஆவுடையம்மாள் கேட்டாள். ரயிலில் போகும்போது பார்க்க லட்சணமாக இருக்கட்டுமே என்றார். ரயிலில் யார் பார்க்க என்று கேட்டதற்கு, செருப்பைத் தேடப் போய்விட்டார்.

முதலில் கோயில். காசிவிசுவநாதர் கோயில் வாசலில் காற்று சேலையைப் பறித்துக்கொண்டு போகப் பார்த்தது. மொட்டையாய் நின்ற கோபுரத்தை அண்ணாந்து பார்த்து, இதை யாராவது கட்டி முடிக்க மாட்டார்களா என்று குத்தாலிங்கம் வெளியூர்க்காரர் மாதிரி கவலைப்பட்டார். பிறந்ததிலிருந்து பார்க்கிற கோபுரம். ஆவுடையம்மாள் கோபுரத்தைப் பார்க்கவில்லை. தன் மகளை யார் பார்க்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

செங்கோட்டை ரயிலில் எதிரே உட்கார்ந்தவர் குத்தாலிங்கத்துக்குத் தெரிந்தவர். கடையநல்லூர் ரஹ்மத், கடைக்குக் கைத்தறிச் சேலை கொண்டுவந்து போடுகிறவர். தங்கபுஷ்பத்தைப் பார்த்துச் சிரித்து, பாப்பா எவ்வளவு படித்திருக்கிறாள் என்று கேட்டார். அவர் யாருக்கோ தகவல் கொண்டுபோகிற ஆளாக இருப்பாரோ என்று ஆவுடையம்மாளுக்குத் தோன்றியது. சுரண்டைப் பக்கம், புளியங்குடிப் பக்கம் எங்கெல்லாம் போவீர்கள், அங்கே யார் யாரைத் தெரியும், அவர்கள் வீட்டில் கல்யாண வயசில் பையன்கள் உண்டா என்று வரிசையாக விசாரித்தாள். ரஹ்மத் மிரண்டுபோய், தனக்கு மூன்றும் பெண்கள்தான் என்று சொல்லி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

செங்கோட்டை ஆறேழு வருஷத்துக்கு முன்பு வரை திருவாங்கூர்ச் சீமை. இன்னமும் கடைப்பலகையில் மலையாளம் இருந்தது. ஸ்டேஷனுக்கு வெளியே புட்டும் கடலையும் வாங்கிச் சாப்பிட்டார்கள். குற்றாலம் பஸ் ஒன்று காலியாக வந்து நின்றது. அது வேண்டாம், அடுத்ததில் போவோம் என்றார் குத்தாலிங்கம். அடுத்தது புளிமூட்டையாய் வந்தது. அதில் ஏறச் சொன்னார். அதற்கு மேல் ஆவுடையம்மாளுக்குச் சந்தேகம் என்று ஒன்றும் மிச்சமில்லை. யாரோ ஒருத்தர் ஒரு நேரத்துக்கு வரச்சொல்லியிருக்கிறார். ஆள் யார் என்பது மட்டும்தான் பாக்கி.

பேரருவியில் சாரல் முகத்தில் அறைந்தது. ஆண்கள் பக்கம் குத்தாலிங்கம் போனார். தாயும் மகளும் பெண்கள் பக்கம் போனார்கள். தலையில் எண்ணெய் வைத்துக்கொண்டிருக்கும்போது, ஐம்பது வயசு மதிக்கத்தக்க ஒரு அம்மாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். காதில் கனத்த தண்டட்டி, சிரித்த முகம்.

"கொஞ்சம் எண்ணெய் கிடைக்குமா மதினி?"

முன்பின் தெரியாதவளை அக்கா என்று கூப்பிடலாம், அம்மா என்று கூப்பிடலாம். மதினி என்று கூப்பிட்டால் அண்ணன் பெண்டாட்டி என்று ஆகிறது. கொண்டு கொடுக்கிற முறை. நினைப்பு இல்லாமல் அந்த வார்த்தை வாயில் வராது. ஆவுடையம்மாள் எண்ணெயைக் கொடுத்தாள்.

அருவியில் பெண் பார்ப்பது இந்தப் பக்கத்தில் நடப்பதுதான். வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டு வேண்டாமென்றால் பெண் வீட்டுக்குக் கௌரவக் குறைச்சல். அருவியென்றால் பார்த்ததாகவே ஆகாது. முடி சவுரியா சொந்தமா, முதுகில் தேமல் உண்டா, கால் கோணலா, எல்லாம் தண்ணீரில் தெரிந்துவிடும். அந்த அம்மாள், தன் பெயர் பார்வதியம்மாள், ஊர் சுரண்டை என்று தானாகவே சொன்னாள். அவள் தங்கபுஷ்பத்தின் முடியைப் பிடித்துப் பார்ப்பாள் என்று ஆவுடையம்மாள் காத்திருந்தாள்.

பார்வதியம்மாள் முடியைத் தொடவே இல்லை. பாறை வழுக்குகிறது என்று தங்கபுஷ்பத்தின் முழங்கையைப் பிடித்தாள். பிடித்தவள் தன் பாரம் முழுவதையும் அவள்மேல் சாய்த்தாள். தங்கபுஷ்பம் காலை ஊன்றித் தாங்கினாள். பிறகு குதிகால் வெடிப்பைக் கொஞ்சம் கல்லால் தேய்த்துவிடுவாயா என்று காலை நீட்டினாள். அவள் முகம் சுளிக்காமல் தேய்த்தாள். அப்போதெல்லாம் பார்வதியம்மாள் பார்த்துக்கொண்டிருந்தது பெண்ணின் முகத்தை அல்ல, தோளையும் மணிக்கட்டையும்.

ஆவுடையம்மாளுக்கு இந்தப் பார்வை தெரியும். வார்டுக்கு ஆயா எடுக்கும்போது அவளே இப்படித்தான் பார்ப்பாள்.

ஈரச்சேலை மாற்றுகிற இடத்தில் அவள் பார்வதியம்மாளை ஓரமாக நிறுத்தினாள்.

"உங்க வீட்டுல யாரு படுக்கையில கிடக்கா?"

பார்வதியம்மாள் சேலையைப் பிழிந்து தோளில் போட்டாள். பிறகு, மாமியார்தான், பக்கவாதம் என்று சொன்னாள். கிழவி நல்ல கனம். தூக்கித் தூக்கித் தன் இடுப்பு போய்விட்டது. வேலைக்கு வைத்த ஆள் யாரும் தங்கவில்லை. நர்சம்மா மகள் என்றதும் மனசில் ஒரு நிம்மதி வந்தது. பையன் தங்கமானவன், வத்தல் கமிஷன் மண்டி பார்க்கிறான்.

"உங்க வீட்டு அண்ணாச்சிக்கு எல்லாம் தெரியும். இலஞ்சிக் கோயில்ல எங்க ஆம்பளையாளுக வெத்தில பாக்கோட காத்திருக்காவ. பிள்ளை எனக்குப் பிடிச்சிருக்கு மதினி."

"அந்தத் தங்கமான மகன் தூக்கலாமே."

"ஆம்பளப் பிள்ளை எப்படிம்மா?"

ஆவுடையம்மாள் கோபப்படவில்லை. கோபப்பட அந்த அம்மாளின் இடுப்பு விடவில்லை. அது உண்மையிலேயே போயிருந்தது, நிற்கிற விதத்திலேயே தெரிந்தது. கிழவியைத் தனியாகத் தூக்காதீர்கள், போர்வையோடு சேர்த்து இரண்டு பேராகப் புரட்டுங்கள், ஒரே பக்கமாய்ப் போட்டு வைத்தால் முதுகு புண்ணாகிவிடும், வாழையிலையில் படுக்க வையுங்கள் என்று சொல்லிக்கொடுத்தாள். இதையெல்லாம் சும்மாவே சொல்லித் தருவேன், பெண்ணைத் தரமாட்டேன் என்றும் சொன்னாள். பார்வதியம்மாள் தன் பையை எடுத்துக்கொண்டு போனாள்.

இலஞ்சி வழியாகப் போகிற பஸ்ஸில் ஆவுடையம்மாள்தான் டிக்கெட் வாங்கினாள். மூன்றும் நேரே தென்காசிக்கு. மகளிடம் மெதுவாக, உனக்கு இது முன்னாலேயே தெரியுமா என்று கேட்டாள். அப்பா சேலையை எடுத்துக் கொடுத்தபோதே தெரியும் என்றாள் அவள்.

"பொறவு ஏன்ட்டி வாயத் திறக்கல?"

"பாளையங்கோட்டைக்குப் போய்ட்டா குழாய்த் தண்ணிதான எம்மா. ஒரு நாளாவது அருவியில குளிச்சுக்கிடுவோம்னு இருந்தேன்."

ஆவுடையம்மாள் முன் சீட்டில் இருந்த புருஷனின் தோளைத் தட்டி, சுரண்டைக் கிழவி கதையைச் சொன்னாள். அவர் திரும்பினார். முகத்தில் நடிப்பு இல்லை. நல்ல குடும்பம், ஒரே பையன் என்று மட்டும்தான் தரகர் சொன்னாராம்.

"ஒரே பையன்தான். கூட ஒரு படுக்கையும் இருக்கு."

குத்தாலிங்கம் வெளியே வயல் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு திரும்பாமலே பேசினார்.

"நீ படுத பாட்டை நான் பாத்துக்கிட்டுதான இருக்கேன். எவன் கதவைத் தட்டினாலும் போட்டது போட்டபடி ஓடுத. பிள்ளைக்கும் அந்தப் பாடு வேண்டாம்னுதான் பாத்தேன்."

ஆவுடையம்மாள் இதை எதிர்பார்க்கவில்லை. கடையில் நாலு பேர் சொன்னதைக் கேட்டு ஆடுகிறார் என்றுதான் நினைத்திருந்தாள். ஆனாலும் அவள் குரல் இறங்கவில்லை.

"அந்தப் பாட்டுக்கு எனக்குச் சம்பளம் உண்டு, லீவு உண்டு. சுரண்டையில ரெண்டும் கிடையாது, அது தெரிஞ்சுக்கிடுங்க."

இலஞ்சி, இலஞ்சி என்று கண்டக்டர் கூவினார். பஸ் நின்றது. குத்தாலிங்கம் எழுந்தார். பெரிய மனுஷர்கள் காத்திருக்கிறார்கள், சொல்லாமல் போவது முறையில்லை, நீங்கள் வீட்டுக்குப் போங்கள் என்றார்.

"என்ன சொல்லப் போறிய?"

அதற்குள் அவர் இறங்கிவிட்டார். பஸ் நகர்ந்தது. ஆவுடையம்மாள் கழுத்தைத் திருப்பி, அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கோயில் பக்கம் நடப்பதைப் பார்த்தாள். கடைக்கு வந்தவர்கள் கேட்டால் அடுக்கில் உள்ள துணி அத்தனையையும் இறக்கிப் போடுகிற ஆள் அவர். இல்லை என்ற சொல்லை அவர் வாயிலிருந்து அவள் கேட்டதே குறைவு. நாலு பேர் தட்டை நீட்டி, எடுத்துக்கிடுங்க சம்பந்தி என்றால் எடுத்துவிடுவார். வெற்றிலை மாற்றி வாயில் போட்டுவிட்டால் பேச்சு முடிந்தது. அதற்கப்புறம் பின்வாங்குகிற வழக்கம் அவர்கள் ஆட்களில் கிடையாது.

வெயில் தாழ்ந்து விளக்கேற்றுகிற நேரத்துக்கு அவர் வந்தார். வாசலில் நின்று செருப்பைக் கழற்றினார். பையை அவளே வாங்கிப் பார்த்தாள். ஈரவேட்டியும் துண்டும்தான் இருந்தன. பேசி முடித்தாச்சா என்று கேட்டாள். முடியாதுன்னு சொல்லிட்டேன் என்றார் அவர். அவள் அதை நம்பவில்லை. விளக்கைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து அவர் தாடையைப் பிடித்தாள்.

"வாயத் திறங்க. நாக்க நீட்டுங்க."

மகள் முன்னால் அவர் வெட்கப்பட்டுக்கொண்டே நீட்டினார். நாக்கு வெளுத்துக் கிடந்தது. பல்லிலும் சிவப்பு இல்லை. புட்டுக்கு அப்புறம் அவர் வாயில் எதுவும் விழவில்லை என்பதுகூட அவளுக்குத் தெரிந்தது.

"நீட்டினாவ. நான் கைய நீட்டல" என்றார் அவர். "அவ்வளவுதான் எனக்கு வந்துச்சு."

அவள் தாடையை விட்டுவிட்டு, கைகால் கழுவிவிட்டு வரச் சொல்லிச் சோறு எடுத்து வைத்தாள்.

ஆடி பிறந்ததும் தங்கபுஷ்பம் பாளையங்கோட்டைக்குப் போனாள். ஆவுடையம்மாளுக்கு அன்றைக்கு ஒரு தலைச்சன் பிரசவம். அதனால் குத்தாலிங்கம்தான் டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மகளோடு ரயில் ஏறினார். மறுநாள் திரும்பி வந்து, விடுதியில் சேர்த்துவிட்டேன் என்று சொன்னார். சரி என்று கேட்டுக்கொண்டாள். தங்கபுஷ்பத்தின் கையெழுத்தில் ஒரு கார்டு வரும்வரை அதையும் அவள் முழுசாக நம்பவில்லை.