பத்துக் கேள்விக்குறிகள்

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை நான் கணினியோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். எனக்குக் கோபம் வந்தால் ஆள், பொருள் பார்ப்பதில்லை. பாவம், விசைப்பலகைக்குத்தான் அடி அதிகம்.

விஷயம் இதுதான். என் முனைவர் பட்ட ஆய்வேட்டில் கடைசித் திருத்தங்களைச் செய்து, மாலை ஐந்து மணிக்குள் நெறியாளருக்கு அனுப்பியாக வேண்டும். இரண்டு முறை கால நீட்டிப்பு வாங்கியாயிற்று, இனிக் கிடையாது. தவறினால் ஆறு வருட உழைப்பும் போச்சு. பக்கங்களையும் சமன்பாடுகளையும் அச்சுக்கு ஏற்றபடி அடுக்கித் தரும் மென்பொருள், தண்டலத்தில் நான் பாடம் நடத்தும் கல்லூரியின் ஆய்வகத்தில் இருந்தது. ஞாயிறன்று அங்கே பூட்டு. வேறு வழியில்லாமல் வீட்டுக் கணினியில் அதை நிறுவ உட்கார்ந்தேன். நிறுவினால் பிழை. நீக்கிவிட்டு மறுபடி நிறுவினால் அதே பிழை. இப்படி மூன்று முறை ஆகிவிட்டது.

இரவு ஷிப்ட் முடிந்து கணவர் வந்தார். சேரப்பணஞ்சேரிக்காரர், ஒரகடத்தில் கார் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் மெயின்டெனன்ஸ் வேலை. மென்பொருள் பற்றி ஒன்றும் தெரியாது. யூனிஃபார்மைக்கூடக் கழற்றாமல் என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"இன்னா அலாரம் காட்டுது?"

"என்னமோ காட்டுது. நீங்க போய்த் தூங்குங்க."

"என்னமோன்னா? படிச்சியா?"

படிக்கவில்லை. வந்த எரிச்சலில் மூன்று முறையும் பிழைச் செய்தியை மூடியிருந்தேன்.

"எங்க லைன்ல புதுசா வர்றவங்களும் இப்டித்தான். மெஷின் நின்னா, அலாரத்த படிக்காம ரீசெட்ட அமுக்கிடுவாங்க."

ஊருக்கெல்லாம் பாடம் எடுப்பவளுக்கு இது தேவைதான். பிழைப் பதிவைத் திறந்தேன். ஏதோ ஒரு கோப்பு கிடைக்கவில்லையாம். அது இருக்கும் இடத்தைக் காட்டும் வரியில், பயனர் பெயர் வரவேண்டிய இடத்தில் வரிசையாகக் கேள்விக்குறிகள். அவர் திரையில் விரல் வைத்து எண்ணினார். பத்து.

"இந்த எடத்துல இன்னா கீது?"

அந்தக் கோப்புறையைத் தேடிப் பார்த்தேன். தமிழில் 'டாக்டரம்மா' என்று இருந்தது.

கணினி வாங்கிய அன்று, பயனர் பெயர் கேட்டதற்கு அவர் அடித்தது. அப்போது நான் ஆய்வுக்குப் பதிவு செய்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. யாராவது பார்த்தால் சிரிப்பார்கள் என்று கத்தி, அன்றே பெயரை மாற்றினேன். திரையில் மாறியது, உள்ளே கோப்புறைக்கு அந்தப் பெயரே நின்றுவிட்டது. தமிழ் எழுத்தைப் படிக்கத் தெரியாமல்தான் மென்பொருள் திணறியிருக்கிறது. புள்ளியையும் துணைக்காலையும் கணினி தனித்தனியாக எண்ணுமாம், அதனால்தான் பத்துக் கேள்விக்குறிகள்.

அவர் முகம் சுருங்கிவிட்டது. "அப்போ நான் பண்ண வேலதானா? தெரியாம பண்ணிட்டேம்மா."

இந்த ஆறு வருடங்களில், இதை முடித்துவிடுவேன் என்று நான் நம்பிய நாட்கள் சொற்பம். இந்த மனிதர் முதல் நாளே முடிவு செய்துவிட்டார். அதற்குப் போய்க் கத்தியிருக்கிறேன். வாய்விட்டு மன்னிப்புக் கேட்டேன்.

"அட, வேலய பாரு," என்றார்.

ஆங்கிலத்தில் புதிய பயனர் கணக்கு தொடங்கினோம். அவருடைய பெயரையே வைக்கலாம் என்று, அவரையே அடிக்கச் சொன்னேன். நடுவில் இடம் விடலாமா என்று கேட்டுக்கொண்டு, இரண்டு விரலால் அடித்தார். பிறகு மென்பொருளை அதில் நிறுவினேன். மதியச் சாப்பாட்டுக்குள் ஆய்வேடு முழுவதும் பிழையில்லாமல் பக்கம் பக்கமாக வந்துவிட்டது. திருத்தங்களை முடித்து நாலரை மணிக்கு அனுப்பினேன். கிடைத்துவிட்டது என்று நெறியாளர் பதில் போட்டார். அதுவரை இவர் கண்ணை மூடவில்லை.

"அந்தப் பழைய பேரைத் திரையில மட்டும் வச்சிரட்டுமா? இப்ப ஒண்ணும் ஆகாது," என்றேன்.

"ஓடிக்கினு கீற மெஷின்ல கைய வெக்காத," என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போனார்.

குறட்டைச் சத்தம் கேட்டதும், திரையில் தெரியும் பெயரை மாற்றக் கணினியின் அமைப்புகளைத் திறந்தேன். பட்டம் கிடைக்க வாய்மொழித் தேர்வு பாக்கி, அதற்கு இன்னும் தேதிகூடக் குறிக்கவில்லை. கூச்சமாகத்தான் இருந்தது. ஆனாலும் 'டாக்டரம்மா' என்று நானே அடித்தேன்.