ஜன்னலோரத்துக்கு ஒரு டிக்கெட்

பெரும்பாக்கத்திலிருந்து அடையாறு, சைதாப்பேட்டை வழியாகத் தி. நகர் வரும் உச்சிவேளை வண்டியில் பாஞ்சாலி எப்போதும் இரண்டு டிக்கெட் வாங்குவாள். இரண்டும் மகளிர் கட்டணமில்லா டிக்கெட். ஒன்று அவளுக்கு, இன்னொன்று அவள் மகள் ஷீலாவுக்கு. ஷீலா இறந்து சில ஆண்டுகள் ஆகின்றன.

நான் தி. நகர் பேருந்து நிலையத்தில் டைம்கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவன். காதால் கேட்டதையும் கண்ணால் கண்டதையும் கலந்து எழுதும் வழக்கம் எனக்கு இல்லை. கேட்டதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பாஞ்சாலி பிறந்தது சைதாப்பேட்டை ஆற்றோரத்தில். கணவன் பெயிண்டர், சாரத்திலிருந்து விழுந்து இறந்தான். மேற்கு மாம்பலத்தில் வீட்டு வேலை செய்து மகளைப் பன்னிரண்டாம் வகுப்பு வரை படிக்க வைத்தாள். 2015 வெள்ளத்துக்குப் பின் ஆற்றோரத்தைக் காலி செய்து, அவர்களைப் பெரும்பாக்கத்து அடுக்குமாடிக்கு அனுப்பினார்கள். அதற்குள் ஷீலா உஸ்மான் சாலையில் ஒரு ஜவுளிக்கடையில் விற்பனைப் பெண்ணாகச் சேர்ந்திருந்தாள்.

அந்தக் கடையில் உட்காரக் கூடாது. வாடிக்கையாளர் இல்லாத நேரத்திலும் கூடாது. சேலை அடுக்கில் லேசாகச் சாய்ந்தால் மேற்பார்வையாளர் தூரத்திலிருந்தே கை தட்டுவார். காலை முதல் கடை மூடும்வரை நின்றுவிட்டு, வண்டியிலும் நின்றபடி வீடு திரும்புவாள். காலையில் வரும்போது சைதாப்பேட்டை ஸ்டேஜோடு இறங்கி, அங்கிருந்து கடைவரை நடப்பாள். டிக்கெட்டில் மிச்சம் பிடிப்பதற்காக. கெண்டைக்காலில் நரம்புகள் நீலமாக முறுக்கிக்கொண்டன. 2020-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒரு நாள், ஒரு கால் மட்டும் வீங்கியது. மறுநாள் மூச்சு அடைத்தது. காலில் உறைந்த ரத்தம் நுரையீரலுக்கு ஏறிவிட்டது என்று மருத்துவமனையில் சொன்னார்கள்.

அடுத்த ஆண்டு சாதாரணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று ஆனது. கடைகளில் வேலை செய்பவர்களுக்கு உட்கார இருக்கை தரவேண்டும் என்ற சட்டமும் அதே ஆண்டுதான் வந்தது.

"ரெண்டுமே வந்துச்சி நைனா, அது போனப்புறம்" என்று பாஞ்சாலி கண்டக்டர் லாரன்ஸிடம் சொல்லியிருக்கிறாள். அன்றுதான் முதல்முறையாக இரண்டாவது டிக்கெட்டைக் கேட்டாள்.

லாரன்ஸ் சாந்தோம்காரர். முதலில் மறுத்தார். ஒவ்வொரு இலவச டிக்கெட்டுக்கும் அரசு போக்குவரத்துக் கழகத்துக்குப் பணம் தருகிறது. ஆள் இல்லாமல் டிக்கெட் கொடுத்தால் அது கள்ளக் கணக்கு. ஆனால் இவள் கெஞ்சவில்லை, சண்டையும் போடவில்லை. கையை நீட்டியபடியே இருந்தாள். "எங்காளுங்க செத்தவங்களுக்குப் பூசை வெக்க கோயில்ல காசு கட்டுவோம் சார்" என்று லாரன்ஸ் பிறகு என்னிடம் சொன்னார். "இது காசில்லாத பூசைன்னு நெனச்சிக் குடுத்துட்டேன்."

இடப்பக்கம், முன்வாசலுக்குப் பின்னால் மூன்றாவது இருக்கை. ஜன்னலோரத்தை விட்டுவிட்டுப் பாஞ்சாலி நடைவழிப் பக்கம் உட்காருவாள். தி. நகரில் இறங்கி, அந்த ஜவுளிக்கடைக்கு எதிரே நிழலில் நின்று கண்ணாடி வழியாக உள்ளே பார்ப்பாள். இப்போது அங்கே ஸ்டூல்கள் போட்டிருக்கிறார்கள். பார்த்துவிட்டு அடுத்த வண்டியில் திரும்பிவிடுவாள். இதற்கு அவள் வைத்த பெயர் டூர்.

அந்த வண்டியில் வழக்கமாக வரும் பெண்கள் எவ்வளவு கூட்டமானாலும் அந்த ஜன்னலோரத்தில் உட்காருவதில்லை. பாஞ்சாலிக்காக விட்டுக்கொடுக்கிறார்கள் என்றுதான் நான் நினைத்திருந்தேன். தரமணியில் ஏறும் ஒரு பெண்ணிடம் கேட்டேன். "உக்காந்தா யாரையோ இடிச்சிக்கினு உக்கார்ற மாதிரி கீது சார்" என்றாள். அவள் சிரிக்கவில்லை.

இனி நான் கண்டது.

ஒரு மே மாதத்தில் அடையாறிலிருந்து அந்த வண்டியில் ஏறினேன். வெயிலில் தெருக்கள் வெறிச்சோடிக் கிடந்தன. வண்டிக்குள் மட்டும் நெரிசல். எனக்கு முன்னால் ஏறியவர் ராமபத்ரன். மேற்கு மாம்பலம், மத்திய அரசில் இருந்து ஓய்வு பெற்றவர், அடையாறில் மகளைப் பார்த்துவிட்டு வாரம்தோறும் இதே வண்டியில் திரும்புகிறவர். கம்பியைப் பிடித்துக்கொண்டு அந்தக் காலி இடத்தையே பார்த்தார்.

"என்னப்பா லாரன்ஸ், இத்தனை லேடீஸ் நிக்கறா. ஒரு சீட்டு காலியா போறது?"

"அது ஆள் இருக்குற சீட்டு சார்."

"எங்க ஆளு?"

பாஞ்சாலி திரும்பி, "எம்பொண்ணு சார்" என்று சொல்லிவிட்டு மறுபடி முன்னால் பார்த்தாள்.

ராமபத்ரனுக்கு விஷயம் தெரியும். வண்டியில் எல்லோருக்கும் தெரியும். அவர் குரலை உயர்த்தவில்லை. "ஆஸ்பத்திரிக்குப் போறேன், வேலைக்குப் போறேன்னா சரி. ஊர் சுத்தறதுக்கு கவர்மென்ட் ஏன் கொடுக்கணும்? நாம கட்டற வரி. அதுல இல்லாதவாளுக்கு வேற ஒரு டிக்கெட்."

"சார், போன வாரம்தான அந்தமான் கத சொன்னீங்க" என்றார் லாரன்ஸ். "சர்வீஸ்ல இருந்தப்ப ஃபேமிலியோட பிளேன்ல போனேன்னு. அது யாரு துட்டு?"

"அது எல்.டி.சி.ப்பா. வேலை செஞ்சவனுக்கு லீவ்ல ஊர் பார்த்துட்டு வரச் சலுகை. அது ரைட்டு."

"நானும் வேல செஞ்சேன் சாமி" என்றாள் பாஞ்சாலி. "உங்க மாம்பலத்துலதான். எனக்கு அந்தமான் வாணாம். தீ நகரு போதும்."

பின்னால் யாரோ, "சார், இந்தம்மாவ அந்தமானுக்கு ஏத்தி உட்ருங்க" என்றார்கள். பெண்கள் சிரித்தார்கள். ராமபத்ரனும் அரைகுறையாகச் சிரித்தார். இந்த வாதத்தில் எனக்கும் ஒரு கருத்து உண்டு. ஓய்வு என்பதும் கூலியில் ஒரு பங்குதான். சிலருக்கு அதை விதியில் எழுதிக் கொடுத்தார்கள். வீட்டு வேலைக்காரிக்கும் சேலை எடுத்துப் போடுகிறவளுக்கும் எழுதிக் கொடுக்க யாரும் இல்லை. அன்று நான் இதைச் சொல்லவில்லை. அதற்குள் சின்னமலையில் செக்கர் ஏறிவிட்டார்.

தணிகாசலம் கண்டிப்பானவர் என்பது பணிமனை முழுவதும் தெரியும். டிக்கெட்டுகளைப் பார்த்துக்கொண்டே வந்தவர் பாஞ்சாலியிடம் நின்றார்.

"ரெண்டு கீதேம்மா. இன்னொரு ஆளு?"

அவள் ஜன்னலோரத்தைக் காட்டினாள். "உக்காந்துக்கினு கீது."

தணிகாசலம் லாரன்ஸைத் திரும்பிப் பார்த்தார். லாரன்ஸ் தலையைக் குனிந்துகொண்டார். இப்படி ஒரு டிக்கெட் பிடிபட்டால் மெமோ. விசாரணை முடியும்வரை சஸ்பெண்ட். அது எனக்குத் தெரியும், பாஞ்சாலிக்கும் தெரிந்திருந்தது.

"அந்த டிக்கெட்ட இப்படிக் குடு" என்றார் தணிகாசலம். குரலில் கோபம் இல்லை. "கிழிச்சிப் போட்டுர்றேன். இனிமே கேக்காத. கண்டக்டரு பொழச்சிப் போவட்டும்."

பாஞ்சாலி இரண்டு டிக்கெட்டையும் பார்த்தாள். ஒன்றை நீட்டினாள்.

"இது என்துது. இத கிழி சார். நான் சைதாப்பேட்டைல எறங்கி நடந்து வந்துர்றேன். நடந்து பழகுன காலுதான். அது உக்காந்துக்கினு போவட்டும்."

"ஆளே இல்லியேம்மா."

"கை வெச்சிப் பாரு."

தணிகாசலம் சலிப்போடு குனிந்தார். அப்போதுதான் நான் அந்த இருக்கையை நன்றாகக் கவனித்தேன். பழைய வண்டி, ரெக்சின் உறை, உள்ளே பஞ்சு. காலியாக இருந்தால் உறை மேல்நோக்கி உப்பியிருக்கும். ஆள் உட்கார்ந்தால் காற்று வெளியேறி 'புஸ்' என்று அமுங்கும். எழுந்தால் மெல்ல மெல்ல உப்பும். என் பணிக்காலம் முழுவதும் பார்த்த விஷயம். பாஞ்சாலிக்குப் பக்கத்தில் உறை அமுங்கியிருந்தது. எதிர் வரிசையில் அப்போதுதான் ஒருவர் எழுந்த இருக்கை என் கண்முன் உப்பி எழுந்தது. இது எழவில்லை.

தணிகாசலத்தின் கை ரெக்சினைத் தொடவில்லை. ஒரு சாண் மேலேயே நின்றுவிட்டது. கையை எடுத்துச் சட்டையில் துடைத்துக்கொண்டார்.

வண்டி சைதாப்பேட்டையில் நின்றது. செக்கர் இறங்கவேண்டிய இடம் அதுதான். பாஞ்சாலி எழுந்தாள்.

"உக்காரும்மா" என்றார் தணிகாசலம். அவளுடைய டிக்கெட்டை அவள் கையிலேயே திருப்பி வைத்தார். பிறகு லாரன்ஸிடம், "தலக்கணக்கு சரியா கீது. விசில் குடு" என்றார்.

அவர் இறங்கவில்லை. ஜன்னலோரத்து உறையும் எழவில்லை. உயிரோடு இருந்தபோது ஷீலா இறங்கி நடந்த நிறுத்தம் அது.

ராமபத்ரன் நடைவழியில் வைத்திருந்த தன் பையை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டார்.

தி. நகர் நிலையத்தில் தணிகாசலம்தான் முதலில் இறங்கினார். முன்வாசல் கதவைப் பிடித்துக்கொண்டு கீழே நின்றார். நான் பாஞ்சாலிக்குப் பின்னால் இறங்கத் திரும்பினேன். புஸ் என்ற சத்தம் கேட்கவில்லை. எழும்போது சத்தம் வராது. உறை மட்டும் மெல்ல உப்பியது. எனக்கு முன்னால் ஓர் ஆள் போகும் அளவுக்கு இடம் விட்டு நின்றுகொண்டிருந்தேன் என்பதைப் பிறகுதான் உணர்ந்தேன்.

பாஞ்சாலி இறங்கி, திரும்பிப் பார்க்காமல் நிழலை நோக்கி நடந்தாள். தணிகாசலம் கதவை விடவில்லை. காலிப் படியைப் பார்த்து, "பாத்து எறங்கும்மா, படி ஒசரம்" என்றார். கொஞ்சம் பொறுத்துக் கதவை விட்டார்.

லாரன்ஸுக்கு மெமோ வரவில்லை. அந்த இரண்டாவது டிக்கெட்டைப் பற்றி அதன் பிறகு யாரும் கேட்கவில்லை.

மழைக்காலம் தொடங்கியபோது பாஞ்சாலியைக் கடைக்கு எதிரே மறுபடி பார்த்தேன். கையில் ஒரே ஒரு டிக்கெட் இருந்தது. கேட்கலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டு, "ஷீலா வரலியாம்மா?" என்று கேட்டேன்.

"அது காலைலேயே கெளம்பிடுச்சி சார்" என்றாள். முகம் தெளிவாக இருந்தது. "வயசுப்பொண்ணு, எத்தினி நாளைக்கி என்கூடவே வரும்? இப்ப தனியா சுத்திக்கினு கீது. பீச்சுக்குப் போவும், மயிலாப்பூருக்குப் போவும். எந்த வண்டில வேணாலும் ஏறலாம், எங்க வேணாலும் உக்காரலாம். காசா, பணமா?"

அன்று திரும்பும்போது வண்டியில் கூட்டமே இல்லை. எல்லா இருக்கைகளும் காலி. நான் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே பின்னால் போய், நின்றபடியே வீடு வந்து சேர்ந்தேன்.