கேட்கப்படுமிடத்து

என் மனைவியின் புகைப்படம் என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது. அதை எடுத்தது நானல்ல. அடையாள அட்டைக்காகத் திருகோணமலை நகரத்து ஸ்டூடியோ ஒன்றில் எடுத்தது. நாற்பது வருடம் கமராவும் கையுமாகத் திரிந்த ஒருவனுடைய வீட்டில் இதுதான் நிலைமை.

மற்றவை எல்லாம் உண்டு. கோட்டை வாசலில் படுத்திருக்கும் மான்கள், கந்தளாய்க் குளக்கட்டில் மாலை வெயில், மீன்சந்தையில் வரிசையாகக் கிடக்கும் அறுக்குளா. சாப்பாட்டுப் படங்கள் மட்டும் இரண்டு அல்பம் தேறும். புட்டு ஆவி பறக்கும்போது எடுக்க வேண்டும், யன்னல் வெளிச்சம் பக்கத்தால் விழ வேண்டும் என்று நான் கதிரையை இழுத்து இழுத்து வைக்க, மனைவியும் மகளும் கையைக் கழுவிவிட்டுக் காத்திருப்பார்கள்.

"இந்த ஊரில சோறு ஆறினாப் பிறகு சாப்பிடுற ஒரே குடும்பம் எங்கட குடும்பம்தான்," என்பாள் மகள்.

மனைவி கமராவைக் கண்டால் குசினிக்குள் போய்விடுவாள். "என்னை எடுக்கிற பிலிமில இன்னும் ரெண்டு மானை எடுங்கோ. அதுகள் அசையாம நிக்கும்." கலியாணப் படங்கள் ஓர் இடம்பெயர்வில் வீட்டோடு போய்விட்டன. அதற்குப் பிறகு அவள் என் கமராவுக்குள் அகப்படவே இல்லை, ஒரு நாளைத் தவிர.

அந்த நாளுக்கு முன் ஒரு படிவத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் ஓர் அலுவலகத்தில் லிகிதராக இருந்தவன். எனக்கு எல்லாமே படிவத்தில்தான் தொடங்கும்.

அந்த யுத்த வருடங்களில் துறைமுகப் பக்கம் கமரா கொண்டு போவதற்கு அனுமதிப் பத்திரம் வேண்டும். அதன் பின்பக்கத்தில் பன்னிரண்டு நிபந்தனைகள். ஆங்கிலத்தில் வந்த அவற்றைத் தமிழாக்கும் வேலை என் மேசைக்கு வந்தது. அலுவலகத்தில் நல்ல தமிழ் எழுதுபவன் என்று எனக்கு ஒரு பெயர் இருந்தது. நானே பரப்பிய பெயர் என்றும் சொல்லலாம். தமிழ்த் தட்டச்சில் எழுத்து அகலம். பன்னிரண்டாம் பந்தியின் கடைசி வரி பக்கத்துக்கு வெளியே போயிற்று. ஒரு வரிக்காக இன்னொரு ஸ்டென்சில் வெட்டுவது வீண்விரயம் என்று எங்களுக்கு ஒரு சுற்றறிக்கை இருந்தது. எங்கேயாவது ஒரு வரியைக் குறைக்க வேண்டும். தேடினேன். ஏழாம் பந்தியில் ஒரே ஒரு சொல் மிஞ்சித் தனி வரியாகக் கிடந்தது. அந்தப் பந்தியில் ஒரு சொல்லை வெட்டினேன். பக்கம் அடங்கியது. "கமராவினுள் உள்ள படச்சுருளை அனுமதி பெற்றவர் தனியாக வெளிப்படுத்தல் வேண்டும்." வாசிக்கக் கம்பீரமாக இருந்தது. எந்தச் சொல்லை வெட்டினேன் என்பது அன்று பின்னேரமே மறந்துவிட்டது.

அடுத்த வருடம் மகளுக்கு வெளிநாட்டில் கலியாணம் சரிவந்தது. மாப்பிள்ளை அங்கே, இவள் இங்கே. வெள்ளிக்கிழமை கொழும்புக்குப் போக வேண்டும். அதற்கு முன் ஒரு நேரமாவது தன் கையால் சாப்பிட வேண்டும் என்று மூதூரிலிருந்த மைத்துனி, மனைவியின் தங்கை, சொல்லி அனுப்பினாள். செவ்வாய்க்கிழமை காலை மூவரும் லோஞ்ச் படகில் ஏறினோம். கமராவில் புதிய பிலிம், பொக்கற்றில் அனுமதிப் பத்திரம். எல்லாம் முறைப்படி.

மைத்துனி முருங்கையிலை போட்டு நண்டுக் கறி வைத்திருந்தாள். கணவாய்ப் பொரியல், கீரி மீன் சொதி, கிண்ணியாவிலிருந்து எருமைத் தயிர். நான் நண்டுச் சட்டியை வாசல் வெளிச்சத்துக்கு நகர்த்தத் தொடங்கினேன்.

"அத்தான், சட்டியை வையுங்கோ அதில. இது உங்கட வீடில்லை, இஞ்ச சுடச்சுடத்தான் சாப்பாடு," என்றாள் மைத்துனி.

மகள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள், சாப்பிடவில்லை. மனைவி பார்த்தாள். பாயில் அவளுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அவளுடைய சோற்றுக் கோப்பையைத் தன் பக்கம் இழுத்து, நண்டுச் சதையை உடைத்துச் சோற்றோடு குழைத்தாள்.

"வாயைத் திற."

"அம்மா, எனக்கு இருபத்தாறு வயசு."

"அங்க உனக்கு ஆர் தீத்தப் போகினம்? திற."

மகள் சிரித்துக்கொண்டே வாயைத் திறந்தாள். கண் நிறைந்திருந்தது. தாயின் மூன்று விரலும் சோறும் அவளுடைய உதட்டில். வாசல் வெளிச்சம் இருவரின் முகத்திலும் பாதி. நான் அழுத்தினேன். சத்தம் கேட்டு மனைவி திரும்பினாள். எழுந்து போகப் போகிறாள் என்று நினைத்தேன். போகவில்லை.

"எடுங்கோ. இண்டைக்கு எடுங்கோ. இதில எனக்கு ஒரு கொப்பி வேணும். என்ர தலைமாட்டில வைக்க."

அவள் என்னிடம் கேட்டு வாங்க நினைத்த ஒரே படம் அது. இன்னும் இரண்டு எடுத்தேன்.

பின்னேர லோஞ்சில் திரும்பினோம். இறங்குதுறையில் சோதனை. காவலில் நின்ற பெடியன் பையைக் கிளறினான். தயிர்ச் சட்டியை மோந்து பார்த்தான். கமராவைக் கண்டு கையை நீட்டினான். பத்திரத்தைக் கொடுத்தேன். தலைகீழாகப் பிடித்துச் சற்று நேரம் பார்த்தான். "ஹரி, ஹரி, யன்ன," என்று சிங்களத்தில் போகச் சொல்லிவிட்டான். மனைவியும் மகளும் நடக்கத் தொடங்கினார்கள்.

நான் நடக்கவில்லை. ஏழாம் பந்தி இருக்கிறதே. அதை எழுதியவனே மீறலாமா?

"உள்ளுக்கு ஒரு பிலிம் இருக்கு," என்றேன். விளங்கவில்லை. சிங்களத்தில் சொன்னேன். முப்பத்துமூன்று படம் எடுத்தாயிற்று என்பதையும் சொன்னேன். அவன் முகம் மாறியது. உள்ளே போய் அதிகாரியைக் கூட்டிக்கொண்டு வந்தான்.

அதிகாரி மரியாதையான மனிதர், நல்ல ஆங்கிலம். பிலிம் இருப்பதை நானாகவே ஏன் சொன்னேன் என்று கேட்டார். ஏழாம் பந்தி என்றேன். அவர் தன் மேசையிலிருந்த ஆங்கிலப் பிரதியை எடுத்து வாசித்தார். பிறகு அதை என் பக்கம் திருப்பி, ஒரு சொல்லின் கீழ் பேனாவை வைத்தார். தமிழில் 'கேட்கப்படுமிடத்து.' நான் வெட்டிய சொல். கேட்டால் மட்டும் வெளிப்படுத்த வேண்டும்.

"நாங்கள் கேட்கவில்லையே," என்றார். கேலி செய்யவில்லை. உண்மையிலேயே வருத்தப்பட்டார் போலிருந்தது. "ஆனால் இப்போது நீங்கள் சொல்லிவிட்டீர்கள். சொன்ன பிறகு என்னால் விட ஏலாது."

அவரும் என் சாதிதான், படிவச் சாதி. பிலிமை வாங்கி உறையிலிட்டு, இலக்கம் போட்டு, முத்திரை குத்தி, பற்றுச்சீட்டு எழுதித் தந்தார். பற்றுச்சீட்டில் ஒரு பிழை இல்லை. நான் சரிபார்த்தேன்.

வெளியே வந்து விசயத்தைச் சொன்னதும் மனைவி நடுரோட்டில் நின்றுவிட்டாள்.

"ஆர் கேட்டது உங்களை?"

"சட்டம் அப்பிடித்தான்."

"அவன் போகச் சொன்னவன். உங்களை ஆர் கேட்டது?"

அந்தச் சட்டத்தின் தமிழ் என்னுடையது என்று நான் சொல்லவில்லை. ஏழாம் பந்தி தமிழ் வாசிப்பவர்களுக்கு மட்டும்தான் கட்டாயம், மற்றவர்களுக்குக் கேட்டால் மட்டும் என்பதையும் சொல்லவில்லை. என் கம்பீரமான வசனத்தை நம்பி இன்னும் எத்தனை பேர் பிலிமைக் கழற்றிக் கொடுத்தார்களோ தெரியாது. அடுத்த கிழமை அலுவலகத்தில் திருத்தம் ஒன்று எழுதி மேலே அனுப்பினேன். கையிருப்பிலுள்ள படிவங்கள் முடிந்த பிறகு கவனிக்கப்படும் என்று குறிப்பு வந்தது. கையிருப்பு அந்த யுத்தத்தைவிட நீளமாக இருந்தது.

வெள்ளிக்கிழமைக்கு முன் ஒரு வழி செய்து பார்த்தேன். இன்னொரு பிலிம் வாங்கி வந்து, லிங்கநகரில் எங்கள் வீட்டு வாசலில் பாயைப் போட்டேன்.

"ஒருக்கா அப்பிடியே செய்யுங்கோ. நான் டக்கெண்டு எடுக்கிறன்."

"எப்பிடி?"

"அண்டைக்குத் தீத்தின மாதிரி."

மனைவி என்னைப் பார்த்த பார்வையில் பாயைச் சுருட்டிக்கொண்டேன். "நான் என்ன நாடகமோ ஆடுறன்?" என்று மட்டும் கேட்டாள்.

மகள் போய்விட்டாள். நான் பிலிமைத் திருப்பித் தரும்படி விண்ணப்பித்தேன், மூன்று பிரதிகளில், பற்றுச்சீட்டு இலக்கத்தோடு. 'தங்கள் கடிதம் கவனத்தில் எடுக்கப்பட்டுள்ளது.' இந்த வசனத்தை நானே ஆயிரம் பேருக்கு எழுதியிருக்கிறேன். அதன் பொருள் எனக்குத் தெரியும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை நினைவூட்டல் அனுப்பினேன். அந்த அதிகாரி மாற்றலாகிப் போனார். காவலரண் இடம் மாறியது. பிறகு வந்த பதிலில் குறித்த இலக்கத்தில் பொருள் எதுவும் இல்லை என்றிருந்தது.

மனைவி பிலிமைப் பற்றிக் கேட்பதை நிறுத்திவிட்டாள். ஆனால் அந்தக் கேள்வியை நிறுத்தவில்லை. பக்கத்து வீட்டாருக்கு நான் காணிப் பத்திரத்தைப் பற்றி விளக்கம் சொன்னாலும், பஸ்ஸில் கொண்டக்டருக்கு வழி சொன்னாலும், "ஆர் கேட்டது உங்களை?" வெட்டின சொல்லை அவள் பதினொரு வருடம் என் முகத்துக்கு நேரே வாசித்தாள். தெரியாமல்தான் வாசித்தாள்.

பிறகு நீரிழிவு காலிலிருந்து மேலே ஏறியது. அவள் போனபோதும் யுத்தம் முடிந்திருக்கவில்லை. மகளால் வர ஏலவில்லை, அங்கே அவளுடைய பத்திரங்கள் இன்னும் சரிவரவில்லை. ரெலிபோனில் அழுது முடித்துவிட்டுக் கேட்டாள்.

"அப்பா, அம்மான்ர படம் ஒண்டு அனுப்புங்கோ. சித்தி வீட்டில எனக்குத் தீத்தேக்க எடுத்தது."

"அது இன்னும் கிடைக்கேல்லைப் பிள்ளை."

"அப்ப வேற?"

வேறு இல்லை. யன்னலோரம் கதிரையில் அவளுடைய அடையாள அட்டையைச் சாய்த்து வைத்து, அதைப் படம் எடுத்து அனுப்பினேன். பிளாஸ்ரிக் உறையின் மினுக்கம் நெற்றியில் விழுந்தது. எப்படித் திருப்பியும் போகவில்லை. அந்தப் படத்தில் அவள் அடுப்பில் கறி கருகுகிறது என்பதுபோல் பார்த்துக்கொண்டிருப்பாள். "அம்மா இப்பிடி இருக்கேல்லை," என்றாள் மகள்.

ஐந்தாம் நாள் மரணத்தைப் பதியப் போனேன். இறந்தவரின் அடையாள அட்டையை ஒப்படைக்க வேண்டும். முறை எனக்குத் தெரியும், கொண்டு போயிருந்தேன். முன்னால் நீண்ட வரிசை. பதிபவர் களைத்துப் போயிருந்தார். பெயர், வயது, காரணம், என் கையெழுத்து. ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார்.

"சரி ஐயா, முடிஞ்சுது. நீங்கள் போகலாம்."

அட்டை சட்டைப் பொக்கற்றில் இருந்தது. கை அதன்மேல் இருந்தது. வாயைத் திறந்தேன்.

"ஓம்," என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.