அடுத்த பட்டியின் சொட்டு

காலையில் ராஜ்தூத் பைக்கை நிறுத்திவிட்டுக் கொட்டகைக்குள் நுழைந்ததும் மனுவேல் டாக்டர் தன் ஆட்டைப் பார்க்க மாட்டார். பக்கத்துப் பட்டியில் நிற்கும் சரஸ்வதி டாக்டரின் ஆட்டைத்தான் முதலில் பார்ப்பார். அதுவும் நேராக அல்ல. மப்ளரைச் சரிசெய்கிற சாக்கில், கண்ணாடியைத் துடைக்கிற சாக்கில், தீவனத் தொட்டியில் எதையோ தேடுகிற சாக்கில். பிறகு அங்கே கணக்கெழுதும் என்னிடம் வந்து, "ஏனுங்க ரைட்டரே, அந்தம்மாளுது இன்னும் ஓடுதுங்களா?" என்பார். பார்த்துவிட்டுத்தான் கேட்கிறார்.

ஓடுவது நிணநீர். சினையாட்டை மயக்கி, வயிற்றைத் திறந்து, உள்ளிருக்கும் குட்டியின் கழுத்தோர நாளத்தில் மெல்லிய பிளாஸ்டிக் குழாயைச் செருகி, மறுமுனையை ஆட்டின் விலா வழியே வெளியே எடுத்துத் தைத்துவிடுகிறார்கள். விலாவில் கட்டிய புட்டியில் அது சொட்டுகிறது. பிறக்காத குட்டி எந்தக் கிருமியையும் கண்டதில்லை. செம்மறியில் தாயின் எதிர்ப்புச் சக்தியும் கருவிலிருக்கும் குட்டிக்குப் போய்ச் சேராது. ஆகையால் அந்தச் சொட்டில் உள்ள அணுக்கள் குட்டி தானே உண்டாக்கியவை. அவை நோயை எதிர்க்க எப்படிப் பழகுகின்றன என்பதுதான் ஆராய்ச்சி. ஏற்காட்டில் ஒரு பழைய காபிக் கொட்டகையில் இது நடக்கிறது என்றால் சேலத்தில் யாரும் நம்புவதில்லை.

மனுவேல் இதே மலையில் உள்ள வெள்ளக்கடை ஊர்க்காரர். ஓயாமல் கிராம்பு மெல்லுவார். ஆட்டிடம் குழைவார், மனிதர்களிடம் கடுகடுப்பார். சரஸ்வதி அவரோடு கால்நடைக் கல்லூரியில் ஒரே வகுப்பில் படித்தவர். போன வருஷம்தான் இங்கே வந்தார். மனுவேலின் குழாய்கள் ஒவ்வொன்றாக நிணநீர் உறைந்து அடைத்துக்கொண்டன. சரஸ்வதிக்கு முதல் ஆட்டிலேயே ஓடியது. "கைராசிங்க, வேறென்ன?" என்பார் மனுவேல். சற்று நேரம் கழித்து, "எனக்கு வவுறு எரியுதுங்க. நொம்ப எரியுது" என்று அவரே சொல்லிவிடுவார். இவ்வளவு நேர்மையாகப் பொறாமைப்படுகிற ஆளை நான் கண்டதில்லை.

ஞாயிறன்று மாதா கோயிலில் மெழுகுவத்தி ஏற்றினாராம். "அந்தம்மாளுது அடைக்கட்டும்னு வேண்டலீங்க. என்னுது ஓடட்டும்னுதான் வேண்டுனேன். ரெண்டும் ஒண்ணுங்களா?" என்று கேட்டார். பாதிரியாரைக் கேளுங்கள் என்று நழுவிவிட்டேன்.

வேண்டுதலுக்குக் காரணம் இருந்தது. திங்கட்கிழமை சென்னையிலிருந்து பெரிய டாக்டர் வருவதாக இருந்தது. யார் ஆட்டில் ஓடுகிறதோ அவர் வேலைதான் தொடரும். மற்றவர் மலையிறங்க வேண்டியதுதான். அன்று காலையும் மனுவேலின் குழாய் வறண்டே கிடந்தது. பெரியவரை அழைத்துவர சரஸ்வதி ஜீப்பில் அடிவாரம் போயிருந்தார்.

அந்த நேரம் பார்த்து சரஸ்வதியின் ஆடு, குழாய் மடங்கும்படி விலாவை அழுத்திக்கொண்டு படுத்தது. சொட்டு நின்றது. குழாய்க்குள் வெள்ளையாக ஒரு நூல் உறைந்து நிற்பதை மனுவேலும் கண்டார், நானும் கண்டேன். அப்படியே விட்டால் கெட்டிப்பட்டுவிடும். பிறகு யார் வந்தும் பயனில்லை.

"ஏனுங்க, நாம பாக்காம இருந்திருந்தா..." என்று தொடங்கினார். முடிக்கவில்லை. நான் வாசல் பக்கம் எட்டிப் பார்த்தேன்.

"சனியன்!" என்று யாரையோ திட்டிக்கொண்டு பட்டிக்குள் தாவினார். "எந்திரி சாமி, எந்திரி கண்ணு" என்று ஆட்டை எழுப்பி, பால் கறப்பதுபோல் குழாயை விரலிடுக்கில் உருவினார். உருவிக்கொண்டே இருந்தார். நூல் வெளியே வந்தது. பின்னாலேயே ஒரு சொட்டு விழுந்தது, அப்புறம் இன்னொன்று.

வெளியே ஜீப் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. மனுவேல் புட்டியை இறுக்கிக் கட்டிவிட்டுப் பட்டியைத் தாண்டினார். தாண்டியவர் திரும்பிப் போய், சரஸ்வதி என்று எழுதி ஒட்டியிருந்த சீட்டு ஆட்டின் உடம்புப் பக்கம் மறையும்படி புட்டியைத் திருப்பி வைத்தார்.